பதினேழாம் பக்கத்துத் தேத்தண்ணி

"கத்தியா, பிளேட்டா? அத முதல்ல சொல்லுங்க."

"சேர், புள்ள தெரியாம—"

"தெரியாம ஆரும் நானூத்திப் பன்னிரண்டு பக்கம் வெட்டுவாங்களா? கத்தியா, பிளேட்டா?"

"பாய்க்குப் பன்புல் கிழிக்கிற கத்தி சேர், சின்னக் கத்தி, இந்தளவுதான், ஆனா அவ—"

"பாய்க் கத்தி. எழுதுறன். பாய்க் கத்தி."

"—அவ வாசிக்கல்ல சேர், வெட்டினதோட சரி. அல்லாவுக்காக வாசிக்கல்ல எண்டு எழுதுங்க."

"வாசிக்கல்லயா? இஞ்ச பாருங்க, முந்நூத்தி ஆறாம் பக்கத்தில கண்ணீர் பட்ட அடையாளம் கிடக்கு!"

"அது ஆணம் சேர்! மீனாணம்!"

"மீன் குழம்பா!"

செயலாளர் நேசரட்ணம் பேனையைக் கீழே வைத்தார். கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டு, புத்தகத்தை இரண்டு விரலால் தூக்கி, மேசையின் அந்தப் பக்கம் தள்ளினார். மெதடிஸ்ட் பாடசாலையில் முப்பது வருஷம் ஆங்கிலம் படிப்பித்து இளைப்பாறியவர். கண்ணீர் என்றால் மன்னிக்கலாம் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதற்கு இலக்கியத்தில் இடம் இருந்தது.

பாய் இழைக்கும் சுஹறா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு மேசைக்கு முன்னால் நின்றாள். அவளுக்குப் பின்னால் அவள் மகள் நபீலா, பதினெட்டு வயது, சுவரைப் பார்த்தபடி நின்றாள். தகப்பன் கோமாரியில் தென்னந்தோட்டத்துக் காவல். மாதத்துக்கு ஒருதரம் வருவார். இப்படியான விஷயங்களுக்கு அவர் எப்போதும் அந்த ஒருதரத்துக்கு அடுத்த நாள்தான் தேவைப்படுவார்.

அவர்கள் நின்ற இடம் கல்முனை விக்டோரியா அழகு ஒழுக்க இலக்கியச் சபையின் மண்டபம். இருபத்தைந்து வருஷங்களுக்கு முன் ஒரு வெள்ளைக்காரத் துரை தன் ஊருக்குப் போகும்போது ஓர் அலுமாரியையும் அதற்குள் முப்பத்தொரு ஆங்கிலப் புத்தகங்களையும் விட்டுப் போனார். கப்பலில் ஏற்றக் கூலி அதிகம் என்று விட்டாரா, அன்பினால் விட்டாரா என்பது தெரியாது. சபை அன்பு என்று தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. மகாராணி காலமாகி ஐம்பத்தைந்து வருஷம். நாடு சுதந்திரம் பெற்று எட்டு வருஷம். இரண்டு செய்தியும் சபைக்கு எழுத்து மூலம் அறிவிக்கப்படவில்லை.

சபையின் கொள்கை ஒன்றுதான்: அழகே ஒழுக்கம், ஒழுக்கமே அழகு. அதை விளக்க மாதம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு பேச்சு, பேச்சுக்கு ஒரு பால் போடாத பிளேன்டி. பேச்சு எல்லாம் ஒரே புத்தகத்தைப் பற்றித்தான். 'லேடி ஹெர்மிலின்' என்ற நாவல். துரை அந்த ஒரு புத்தகத்தைத்தான் தொடங்கியிருந்தார்.

அந்தக் காலத்து அச்சுப் புத்தகங்களில் தாள்கள் மடித்தபடியே தைக்கப்பட்டு வரும். வாசிப்பவர் கத்தி எடுத்து மடிப்பின் விளிம்பை வெட்டிக்கொண்டு போகவேண்டும். துரை பதினேழாம் பக்கம் வரைக்கும் வெட்டியிருந்தார். அதற்குப் பிறகு மடிப்பு; பதினேழாம் பக்கத்தின் முதுகும் அதற்குள்தான். மடிப்புக்குள் எட்டிப் பார்ப்பது ஒழுக்கக் கேடு என்று சபையின் ஆறாம் விதி சொன்னது. ஆகவே முதல் பதினேழு பக்கமும் எண்ணெய்க் கையும் வெற்றிலைச் சாயமும் பட்டு அப்பளம் மாதிரி இருந்தன. மீதி எல்லாம் நேற்று அச்சடித்தது போல வெள்ளையாக இருந்தன.

அந்தப் பதினேழு பக்கத்தில் நடப்பது இவ்வளவுதான்: லேடி ஹெர்மிலின் அழகானவள். அவள் கை வெள்ளை. அந்தக் கையால் அவள் கணவனின் பெரியப்பாவான ஒரு கிழப் பிரபுவுக்குத் தேத்தண்ணி ஊற்றுகிறாள். ஒரு துளி சிந்தவில்லை. பதினேழாம் பக்கத்தின் அடியில் இருக்கும் வசனம் சபை உறுப்பினர் எல்லோருக்கும் மனப்பாடம்: "பிரபு கோப்பையை வாங்கி, ஒரே மூச்சில் பருகி, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து—"

அதோடு பக்கம் முடிந்துவிடும்.

பார்த்து என்ன செய்தார் என்பதில் சபைக்குள் மூன்று கட்சி இருந்தது. தலைவர் மசூர் மாஸ்டர், அழகு கண்டு பேச்சிழந்தார் என்றார். செயலாளர் நேசரட்ணம், ஆண்டவருக்கு நன்றி சொன்னார் என்றார். காரைதீவிலிருந்து வரும், சொத்துப் பத்திரம் எழுதும் நொத்தாரிசு அழகரெத்தினம், சொத்தை அவள் பேருக்கு எழுதினார் என்றார். இருபத்தைந்து வருஷம் இதைத்தான் வாதிட்டார்கள். மடிப்பை வெட்டிப் பார்ப்போமே என்று ஒருவரும் சொல்லவில்லை. அது அழகில்லை.

வருஷத்துக்கு ஒருதரம் ஊரிலுள்ள கெட்டிக்காரப் பெண்பிள்ளை ஒருத்தியைத் தெரிந்தெடுத்து 'இவ்வருட ஹெர்மிலின்' என்று பதக்கம் கொடுப்பார்கள். அவள் மேடையில் தலைவருக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். முன்பு பிள்ளைகள் மேடைக்கு வந்துதான் ஊற்றினார்கள். பிறகு ஒழுக்கம் குறைகிறது என்று முறைப்பாடு வந்தது. மூன்று கூட்டம் விவாதித்து, மேடையின் குறுக்கே ஒரு வெள்ளைத் திரை கட்டி, அதில் ஒரு துவாரம் வெட்டினார்கள். ஒழுக்கத்தின் பொருட்டு முகம் திரைக்குப் பின்னால். அழகின் பொருட்டுக் கை திரைக்கு முன்னால். மணிக்கட்டு வரைக்கும் அழகு என்றும், அதற்கு மேல் ஒழுக்கப் பிரச்சினை என்றும் நொத்தாரிசு எழுதி வைத்திருக்கிறார். முஸ்லிம் பிள்ளை, சைவப் பிள்ளை, வேதக்காரப் பிள்ளை எல்லோருக்கும் ஒரே துவாரம்தான். அந்த வகையில் சபை பேதம் பார்க்கவில்லை.

இந்த வருஷத்து ஹெர்மிலின் நபீலா. அவளுக்குப் பதக்கம் வேண்டியிருக்கவில்லை. ஆசிரியர் கலாசாலை விண்ணப்பத்தில் சமாதான நீதவான் ஒருவர் இவள் நல்லொழுக்கம் உள்ளவள் என்று கையெழுத்து வைக்க வேண்டும். மசூர் மாஸ்டர் சமாதான நீதவான். அவர் ஹெர்மிலின்களுக்கு மட்டும்தான் கையெழுத்து வைப்பார். வேறு நீதவானிடம் போனால் அவர், "மசூர் மாஸ்டர் ஏன் வைக்கல்ல?" என்று கேட்பார். கையெழுத்து இல்லை என்றால் கலாசாலை இல்லை. கலாசாலை இல்லை என்றால் பன், சாயம், பாய்.

விதிப்படி தெரிவான பிள்ளை, ஒத்திகைக்காகப் புத்தகத்தை ஒரு வாரம் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். இதுவரை போன பிள்ளைகள் எல்லாம் அடுத்த நாளே துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். நபீலா ஏழாம் நாள் கொடுத்தாள். சபையின் பியோன் முத்தலிப் வாங்கி அலுமாரியில் வைத்தபோது, புத்தகம் முன்பிருந்த இடத்துக்குள் நுழையவில்லை. வயிறு ஊதியது போல இருந்தது. திறந்து பார்த்தார். எல்லாப் பக்கமும் திறந்தது.

அன்று பின்னேரமே விசாரணை.

மசூர் மாஸ்டர் நடுவில், வலப்புறம் நேசரட்ணம், இடப்புறம் நொத்தாரிசு. மாஸ்டரின் வீட்டிலிருந்து பிளாஸ்க்கில் தேத்தண்ணி வந்திருந்தது. அதை ஊற்றி அனுப்புவது அவருடைய மருமகள் ஹப்ஸா. அவள் நாலு வருஷத்துக்கு முந்தைய ஹெர்மிலின். 'என்ட வீட்டிலயே ஒரு லேடி ஹெர்மிலின் இரிக்கா' என்று மாஸ்டர் எல்லாப் பேச்சிலும் சொல்லுவார்.

"மகள்," என்றார் மாஸ்டர், கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு. "நீ ஏன் வெட்டின?"

"வாசிக்க சேர்."

சுஹறா மகளின் முழங்கையில் கிள்ளினாள். "இல்ல சேர், அவ சும்மா—"

"பதினேழு பக்கமும் டைப் அடிச்சுத் தந்தனே?"

"வசனம் முடியல்ல சேர்."

"அந்த வசனம் முடியாது மகள். அதுதான் அதுட அழகு. அழகு முடிஞ்சா அது பிறகு என்ன? கணக்கு."

"முடியிது சேர். அடுத்த பக்கத்தில."

நொத்தாரிசு முன்னால் சரிந்தார். "என்ன செய்றாராம்? எழுதிக் குடுக்கிறாரோ?"

மற்ற இருவரும் அவரை முறைத்தார்கள். கேள்வி வெளியே வந்துவிட்டது.

"'அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து, ஒன்றும் சொல்லாமல், கதிரையிலிருந்து சரிந்து செத்துப்போனார்' எண்டு முடியிது சேர். தேத்தண்ணியில நஞ்சு போட்டிருந்த. அவதான் போட்ட."

"ஆரு?"

"லேடி ஹெர்மிலின்."

மசூர் மாஸ்டர் கோப்பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்தார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பிறகு, "முத்தலிப், இந்தத் தேத்தண்ணி ஆரு ஊத்தின?" என்றார்.

"மருமகதான் சேர். எண்டைக்கும் போல."

"சரி. அங்கால வை."

நேசரட்ணத்தின் முகம் சிவந்திருந்தது. "இது பிள்ளையின்ட கற்பனை. விக்டோரியா காலத்தில் ஒரு சீமாட்டி அப்படிச் செய்யவே மாட்டா. அவ கை வெள்ளை எண்டு முதலாம் பக்கத்திலயே கிடக்கு. இருபத்திநாலு பிள்ளைகளுக்கு நாங்க அவவின்ட பேரில் பதக்கம் குடுத்திருக்கிறம். அவ கொலைகாரி எண்டா நாங்க ஆர்?"

"சட்டப்படி பாப்பம்," என்றார் நொத்தாரிசு. அவருக்கு மட்டும் முகம் தெளிந்திருந்தது. பிரபு எழுதிக் கொடுக்காமல் செத்தால், சொத்து கணவன் வழியாக அவளுக்குத்தான் வரும். அவருடைய கட்சி பாதி சரி. காகிதத்தை இழுத்து எழுதி, எழுதியதை உரத்து வாசித்தார்: "மேற்படி நூலின் பதினெட்டாம் பக்கம் இற்றைவரை சபையால் காணப்படாதபடியாலும், காணப்படாத பக்கத்தில் யாதொரு சம்பவமும் நடந்திருக்க முடியாதபடியாலும், அப்பக்கமும் அதற்கு அப்பாலுள்ள சகல பக்கங்களும் இல்லை எனச் சபை ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. மேற்படி பக்கங்களைத் திறந்தவர், அவற்றைப் பதக்க விழாவுக்கு முன் முன்னிருந்தபடி ஒட்டி மூடித் தரவேண்டும்."

கதவடியில் நின்ற முத்தலிப் தலையைச் சொறிந்தார். "இல்லாத பக்கத்த எப்பிடி சேர் ஒட்டுற?"

"முத்தலிப், நீ கதவடியில நிக்கிற ஆள். கதவடியில நில்லு."

பிறகு நபீலாவிடம் ஒரு கடதாசி நீட்டப்பட்டது. பதினேழாம் பக்கத்துக்கு அப்பால் தான் ஒன்றும் காணவில்லை என்றும், அங்கே ஒன்றும் இல்லை என்றும் அதில் இருந்தது. கையெழுத்து வைத்தால் விழா, விழாவில் தேத்தண்ணி, தலைவர் அதைக் குடித்ததும், அதே மேசையில் நற்சான்றிதழில் அவருடைய கையெழுத்து.

நபீலா பேனையை எடுக்கவில்லை.

"வை புள்ள," என்றாள் சுஹறா.

"உம்மா, அது பொய்."

"வை எண்டுறன். நாலு எழுத்து. உன்ட ரெண்டு வருஷப் படிப்பு."

அவள் மகளின் கையைப் பிடித்துப் பேனை மேல் வைத்தாள். நபீலா எழுதினாள். மசூர் மாஸ்டர் கடதாசியை ஊதி மை காய வைத்தார். அப்போதுதான் அவர் அந்தக் கையைக் கவனித்தார்.

"விரலெல்லாம் என்ன இது, ஊதா?"

"பன் சாயம் சேர்," என்றாள் சுஹறா. "பாய்க்குப் போடுற. கழுவினா லேசில போகாது."

"நஞ்சா?"

"குடிச்சா நஞ்சுதான். ஆரு சேர் சாயம் குடிக்கிற?"

மாஸ்டர் கடதாசியை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார்.

மறுநாள் கஞ்சிப் பசை காய்ச்சி, பகல் ளுஹர் தொழுதுவிட்டு, தாயும் மகளும் வீட்டில் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். சுஹறா பசை பூசுவாள். நபீலா ஓரத்தை நேராக்கிப் பிடிப்பாள். இழைத்துப் பழகிய கை, ஓரம் கோணவில்லை. பத்துப் பக்கம் ஒட்டி முடிந்தது. பிறகு தாய் கேட்டாள்.

"இதுக்குள்ள என்ன இரிக்கி?"

"வாசிக்கல்ல எண்டு கையெழுத்து வெச்சாச்சே உம்மா."

"எனக்குச் சொல்லு. நான் ஒண்டும் வெக்கல்ல."

"கிழவர் மவுத்தானதும் பொலிஸ் வருது. கோப்பையில நஞ்சு. ஆரு போட்ட எண்டு கேக்குறாங்க."

"அவதானே போட்ட?"

"ஓம். ஆனா வீட்டில ஒரு வேலைக்காரப் புள்ள இரிக்கி. அன்னி எண்டு பேர். அவதான் தண்ணி கொதிக்க வெச்ச."

"தண்ணி கொதிக்க வெச்சவளுக்கு என்ன?"

"பொறுங்க உம்மா, அந்தப் பக்கத்துக்குப் பச பூசாதீங்க, காயட்டும். அந்த வீட்டில இன்னொரு ஆளும் இரிக்கான். பூவும் பீங்கானும் சேக்குற பணக்காரன். அழகுதான் பெரிசு, மத்ததெல்லாம் பிறகு எண்டுற ஆள். அவன் அவ நஞ்சு போடுறதக் கண்ணால கண்ட."

"கண்டவன் சொல்லல்லயா?"

"இல்ல. அவ ஊத்தின விதம் அவ்வளவு வடிவாம். அப்பிடி ஒரு கைய தூக்குக் கயித்துக்குக் குடுக்க மனம் வரல்லயாம்."

சுஹறாவின் விரல் பசைச் சட்டிக்குள் நின்றுவிட்டது.

"சீ," என்றாள். "மறுகா என்ன நடந்த?"

"கோட்டுல லேடி அழுறா. ஜூரிமார் அவட முகத்தப் பாத்து அவங்களும் அழுறாங்க. இப்பிடி ஒரு முகம் பொய் சொல்லுமா எண்டு ஒராள் சொல்றான். அன்னிக்கு முகத்தில அம்மத் தழும்பு. கையெல்லாம் அடுப்புச் சூடு பட்ட தழும்பு. அவளத் தூக்குல போடுறாங்க."

"எத்தனாம் பக்கத்தில?"

"முந்நூத்தி ஆறு."

"ஆணம் பட்ட பக்கம்."

"அது ஆணமில்ல உம்மா."

வெளியே யாரோ மீன்காரன் கூவிக்கொண்டு போனான்.

"அவட உம்மா எங்க இரிந்த?" என்றாள் சுஹறா.

"ஆருட?"

"அந்த அன்னிட உம்மா."

"புத்தகத்தில அவட உம்மா இல்ல."

"உம்மா இல்லாம எப்பிடிப் புள்ள? கோட்டுக்குப் போயிருப்பாதானே? புள்ளய வெளியில எடுக்க வேணுமெண்டு ஆருட்டயாவது கெஞ்சியிருப்பாதானே? கையெழுத்து வை எண்டு சொல்லியிருப்பாதானே?"

நபீலா அடுத்த ஓரத்தை நேராக்கிப் பிடித்தாள்.

"கடைசியில?"

"கடைசியில அந்தப் பணக்காரன் அந்தக் கோப்பய ஒரு கண்ணாடி அலுமாரியில வெச்சுப் பூட்டுறான். பாக்க வாறவங்களுக்கு அழகப் பத்திப் பேசுறான். அவ்வளவுதான்."

சுஹறா முந்நூற்றி ஆறாம் பக்கத்தை எடுத்தாள். எழுத்து அவளுக்குத் தெரியாது. காய்ந்த நீர்க்கோட்டின் மேல் ஒருதரம் விரலை வைத்துப் பார்த்தாள். பிறகு பசை பூசி, மடித்து, உள்ளங்கையால் அழுத்தி மூடினாள்.

விழாவுக்கு முதல் நாள் முத்தலிப் வந்தார். கையில் ஒரு பவுடர் டின்.

"சபை தந்த. செயலாளர் சொல்லி அனுப்பின. கையில ரெண்டு தரம் பூசட்டாம். லேடிட கை வெள்ளையாம். வெயில் படாத கைதான் ஒழுக்கமான கையாம்."

"அப்ப அவருட பெண்சாதி சோறாக்குற கை?" என்றாள் சுஹறா.

"நான் கேக்கல்ல ராத்தா. நான் கதவடியில நிக்கிற ஆள்." டின்னை வைத்துவிட்டுப் போகத் திரும்பியவர் நின்றார். "மாஸ்டர் ஒரு கிழமையா வீட்டுல தேத்தண்ணி குடிக்கிறயில்ல. கடைக்கு வாறார். கடையில போடுறதக் கிட்ட நிண்டு பாக்குறார். மருமக அழுறா."

"பதினெட்டாம் பக்கம் இல்லெண்டுதானே தீர்மானம்?"

"ஓம். இல்லதான்," என்றார் முத்தலிப்.

சனிக்கிழமை பின்னேரம் மண்டபம் நிறைந்திருந்தது. ஆம்பிளைகள் முன்னால் வாங்குகளில். பொம்பிளைகள் மேடைத் திரைக்குப் பின்னால் பாயில். அந்தப் பாய்களும் சுஹறா இழைத்தவைதான். மேடையில் மேசை, மேசையில் லேடி ஹெர்மிலின், துணி விரித்து, வயிறு வற்றி, முன்னிருந்தபடி. பக்கத்தில் பதக்கம். அதற்குப் பக்கத்தில் நற்சான்றிதழ், மூடி கழற்றிய பேனை.

மசூர் மாஸ்டர் எழுந்தார்.

"பெரியோர்களே! அழகான கை தவறு செய்யாது. தவறு செய்யும் கை அழகாக இருக்காது. இது நான் கண்ட உண்மை. முப்பத்திரண்டு வருடம் பாடசாலை நடத்தினேன். பிரம்பை எடுக்குமுன் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பேன். அழகான பிள்ளையை நான் ஒருநாளும் அடித்ததில்லை. அடி வாங்கிய பிள்ளைகளில் ஒருவனாவது பின்னாளில் பெரிய மனிதனாக வந்தானா? வரவில்லை. இதைவிட நிரூபணம் வேறென்ன வேண்டும்?"

முன்வரிசையில் கைதட்டினார்கள். பின்வரிசையில், அடிவாங்கியவர்கள் கொஞ்சப் பேர், அவர்களும் தட்டினார்கள்.

நேசரட்ணம் எழுந்து, இவ்வருடம் சில தீய சக்திகள் இலக்கியத்தைத் திறந்து பார்க்க முயன்றதாகவும், சபை அதை ஒட்டிவிட்டதாகவும் அறிவித்தார். உண்மையான ரசிகன் பதினேழு பக்கத்தில் திருப்தி அடைவான், அதற்கு மேல் கேட்பது பேராசை என்றார். நொத்தாரிசு நன்றி சொன்னார். நன்றி ஏழு பிரிவுகளாக இருந்தது.

பிறகு மணி அடித்தது. துவாரத்தின் வழியே ஒரு கை வந்தது.

மணிக்கட்டு வரைக்கும் வெள்ளை. மண்டபம் 'ஆ' என்றது. முன்வாங்கில் ஒரு கிழவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் வாயோரத்தில் வெற்றிலைச் சாறு வழிந்தது. அதைத் துடைக்க அவருக்கு நினைவு வரவில்லை. கை தேத்தண்ணிச் சாடியைத் தூக்கிச் சரித்து ஊற்றியது. ஒரு துளி சிந்தவில்லை. ஆனால் புழுக்கம். சாடியின் சூடும் சேர்ந்து பவுடர் கரைந்தது. நகக்கண்ணில் இருந்து ஊதா மெதுவாக மேலே வந்தது.

மசூர் மாஸ்டர் கோப்பையை எடுத்தார். மண்டபம் அவரோடு சேர்ந்து மனப்பாடத்தைச் சொன்னது: "பிரபு கோப்பையை வாங்கி, ஒரே மூச்சில் பருகி, அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்து—"

எல்லோரும் நிறுத்தினார்கள். அவர் குடிக்க வேண்டும்.

கோப்பை உதடு வரைக்கும் போனது. அவர் கண் அந்த நகத்தில் இருந்தது. கோப்பை கீழே வந்தது.

"சூடு," என்றார்.

ஊதினார். எல்லோரும் காத்திருந்தார்கள். திரும்பவும் எடுத்தார். திரும்பவும் இறக்கினார்.

"சீனி கூடிட்டுது போல."

"குடிக்காம எப்பிடி சேர் தெரியும்?" என்று பின்வாங்கில் யாரோ கேட்டார்.

மாஸ்டர் சிரித்துக்கொண்டே நேசரட்ணத்தின் பக்கம் திரும்பினார். "ஒவ்வொரு வருஷமும் நானே குடிக்கிறது அழகில்ல. இந்த முற அந்தப் பெருமைய நம்மட செயலாளருக்கு..."

"எனக்கு இண்டைக்கு உபவாசம்," என்றார் நேசரட்ணம்.

"சனிக்கிழமையில என்ன உபவாசம்?"

"சொந்த உபவாசம்."

கோப்பை நொத்தாரிசிடம் போனது. அவர் அதைத் தொடவில்லை. "தலைவருக்கெண்டு ஊத்தினத இன்னொராள் குடிக்கிறது சட்டப்படி செல்லாது. பிறகு சான்றிதழும் செல்லாது."

"முத்தலிப்!"

"நான் கதவடியில நிக்கிற ஆள் சேர்," என்றார் முத்தலிப், கதவடியிலிருந்து.

கோப்பை மாஸ்டரின் முன்னால் திரும்பி வந்து நின்றது. தலைவர் குடித்து முடிக்கும்வரை கையை உள்ளே இழுக்கக் கூடாது என்பது விதி. கை துவாரத்தில் நின்றது. பவுடர் மேசைத் துணியில் பொட்டுப் பொட்டாக விழுந்தது. சான்றிதழின் பக்கத்தில் திறந்து கிடந்த பேனையில் மை காய்ந்துகொண்டிருந்தது. தேத்தண்ணியில் ஆடை கட்டியது. மண்டபத்தில் இருந்தவர்கள் கோப்பையைப் பார்த்தார்கள், மாஸ்டரைப் பார்த்தார்கள், திரும்பவும் கோப்பையைப் பார்த்தார்கள்.

திரைக்குப் பின்னால் சுஹறா மகளின் முழங்கையைக் கீழிருந்து தாங்கிப் பிடித்திருந்தாள். பிடியை விடாமல், திரையை விலக்காமல், அடுத்த வீட்டுக்காரியிடம் கேட்பது போலக் கேட்டாள்.

"தேத்தண்ணி ஆறிப்போச்சே. பதினெட்டாம் பக்கம் இல்லெண்டு எங்கிட புள்ளயிட்ட எழுதி வாங்கினீங்கதானே? ஏன் சேர் குடிக்கல்ல?"